கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஆடுகள்

அந்த வருஷம் ஸாகான் புலாக் பள்ளத்தாக்கில் புல் கணுக்காலுக்கு மேல் வளரவில்லை. வேனிலில் பெய்ய வேண்டிய மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்று திரும்பிப் போய்விட்டது. பெய்த ஒன்றிரண்டு தூறலும் மண்ணின் தோலை நனைத்ததோடு சரி. பகல் முழுக்க மேய்ந்துவிட்டு பட்டிக்குத் திரும்பும் ஆடுகள் ஒட்டிய வயிற்றோடே வந்தன. தோல்கோர் கறக்க உட்கார்ந்தால் வாளியின் அடியை மறைக்கவே பால் போதவில்லை. வெள்ளாடுகள் மடியை இழுத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தன. இருந்தால் கொடுக்க மாட்டோமா என்று கேட்பதுபோல் இருக்கும்.

அவளும் அவள் கணவன் கொம்போவும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. காலையில் அவன் குதிரையில் ஏறுவதற்கு முன் வடக்கு மலையைக் கொஞ்ச நேரம் பார்ப்பான். அவள் தேநீரின் முதல் கரண்டியை வானத்துக்குத் தெளித்துவிட்டு அதே மலையைப் பார்ப்பாள். இருவர் வாயிலும் நின்ற சொல் ஒன்றுதான். சொன்னால் வந்துவிடும் என்று சொல்லாமல் இருந்தார்கள்.

ஸுத் என்றால் அங்கே நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். புல்லுக்கும் ஆட்டின் வாய்க்கும் நடுவே குளிர் வந்து உட்கார்ந்துகொள்ளும். பனி கனத்துப் பெய்தால் ஒரு மாதிரி. பெய்த பனி ஒருநாள் வெயிலில் இளகி, மறுநாள் கண்ணாடியாக இறுகினால் அது இரும்பு ஸுத். குளம்பால் உடைக்க முடியாது, வாயால் கடிக்க முடியாது. அடியில் புல் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே சாக வேண்டியதுதான்.

கல்யாணமாகி இரண்டாவது குளிர்காலத்தில் அவர்கள் அதைப் பார்த்தார்கள். காலையில் பட்டியின் கதவைத் திறந்தால் ஆடுகள் ஒன்றையொன்று சாய்ந்தபடி நின்றிருந்தன. கை வைத்துத் தள்ளியபோதுதான் அவை மரக்கட்டைகள் என்று தெரிந்தது. பனி விலகும்வரை இருவரும் செத்தவற்றின் தோலை உரித்துக்கொண்டே இருந்தார்கள். தோல்கோரின் வயிற்றில் அப்போது மகள். அந்த நாற்றத்தில் ஒருவாய்ச் சோறும் இறங்கவில்லை அவளுக்கு. கொம்போவின் தம்பி மிச்சமிருந்த ஒரு குதிரையையும் விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்க் கரி சுமக்கும் வேலையில் சேர்ந்தான். கொம்போ போகவில்லை. எஞ்சிய சிலவற்றை வைத்துக்கொண்டு, அடுத்தவர் மந்தையையும் கூலிக்கு மேய்த்து, குட்டி குட்டியாகச் சேர்த்தான்.

அப்படிச் சேர்த்தது இப்போது ஆயிரத்தைத் தாண்டி நின்றது. ஆயிரம் உருப்படி உள்ள மேய்ப்பனை வருஷக் கடைசியில் வட்டத் தலைநகரில் மேடையேற்றி நெஞ்சில் பதக்கம் குத்துவார்கள். முந்தின வருஷம் கொஞ்சத்தில் தவறியிருந்தது. இந்த வருஷம் அவன் பெயர் உறுதி. அவன் பதக்கத்துக்கு ஆசைப்படுகிறான் என்று ஊர் நினைத்தது. அது முழு உண்மையில்லை என்று தோல்கோருக்குத் தெரியும். விழுந்த இடத்திலேயே எழுந்து நின்றேன் என்று யாராவது ஒருமுறை சத்தமாகச் சொல்ல வேண்டும் அவனுக்கு. அவ்வளவுதான்.

புல் மஞ்சளாகத் தொடங்கியபோது யாஞ்சிமாவின் கூடாரத்தில் கூடினார்கள். யாஞ்சிமா அந்தப் பள்ளத்தாக்கிலிருந்த எல்லாக் குடும்பத்துக்கும் அக்கா. புருஷன் போய் வெகுகாலமாகிவிட்டது. தனியாக மந்தையைக் கட்டி ஆண்டவள். கை பெரியது, குரல் அதைவிடப் பெரியது. வேனில் தொடங்கியதிலிருந்தே அவள் கூடாரம் கூடாரமாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். ஸுத் வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை, வருவதற்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து செய்தால்தான் உண்டு என்பது அவள் பேச்சு. மாகாணத் தலைநகரிலிருந்து நிவாரண அமைப்பின் பெண் ஒருத்தியும் அன்றைக்கு வந்திருந்தாள். அவள் விரித்த வரைபடத்தில் அவர்கள் பள்ளத்தாக்கு இருந்த பக்கம் முழுக்கச் சிவப்பு. மழைக் குறைவு, புல்லின் அளவு, வரப்போகும் குளிர் எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட சிவப்பு அது என்றாள். முன்பெல்லாம் ஆடு செத்தபிறகுதான் மாவு மூட்டை வரும். இந்த முறை முன்கூட்டியே உதவ வழியிருக்கிறது, வீட்டுக்கு இத்தனை தவிட்டு மூட்டை என்று யோசித்து வைத்திருக்கிறோம், உங்களுக்கு வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள் என்றாள்.

யோசனை இருந்தது. தவிட்டு மூட்டையைவிட லாரி வேண்டும் என்றார்கள். ஆடுகள் கொழுப்போடு இருக்கும்போதே மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக் கறியாக நகரத்துக்கு அனுப்ப வேண்டும். குளிர்காலத்தின் நடுவில் அனுப்பினால் எலும்புதான் போகும். ஈரநிலத்துப் புல்லை எல்லாரும் சேர்ந்து அறுத்துப் பொதுவில் வைக்க வேண்டும். வடக்கு மலையின் மடிப்பில் இருக்கும் மேய்ச்சலைப் பனி விழும்வரை ஒருவரும் தொடக்கூடாது. கணவாயின் அடியில் இடிந்து கிடக்கும் கல்பட்டியைச் சரிசெய்து அதில் கொஞ்சம் புல்லும் எரிக்க எருவும் போட்டு வைக்க வேண்டும், வழியில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு ஆகும். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தவிட்டைக் குறைத்து லாரிக்கு மாற்றிவிடலாம் என்றாள்.

எல்லார் பார்வையும் கொம்போவிடம் போனது. பள்ளத்தாக்கின் பாதி ஆடுகள் அவனுடையவை. அவன் ஒத்துக்கொள்ளாமல் மற்றவர்கள் கழித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. மிச்சம் வைத்த மேய்ச்சலை அவன் மந்தையே ஒரு வாரத்தில் மொட்டையடித்துவிடும்.

கொம்போ பொடிக்குப்பியை மூடிக்கொண்டே பேசினான். "வானத்தப் பாத்துப் பயந்து ஆட்ட அறுக்கிறவன் மேய்ப்பன் இல்லக்கா. கசாப்புக்காரன்."

"நான் வானத்தப் பாத்துப் பயப்படலப்பா," என்றாள் யாஞ்சிமா. "தரையப் பாத்துப் பயப்படுறேன். அங்க புல்லு இல்ல."

"பனி கம்மியாப் பெஞ்சா? இந்தப் பொண்ணு கொண்டாந்த சாயம் வெளுத்துப்போனா? அறுத்த ஆட்டுக்கெல்லாம் தலைய ஒட்டவைப்பீங்களா?"

வந்திருந்த பெண் கோபப்படவில்லை. "ஒட்டவைக்க முடியாதுண்ணே. படம் தப்பாவும் போகலாம், போயிருக்கு. தப்பாப் போனா உங்ககிட்ட கறி இருக்கும், வித்த காசு இருக்கும். சரியாப் போயி நீங்க கழிக்காம இருந்தா, ரெண்டும் இருக்காது. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

குதிரைக்கார நியாம்பு கிண்ணத்தை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கொம்போவின் தாடை இறுகுவதைத் தோல்கோர் பார்த்தாள். அவன் எழுந்து போகப் போகிறான், போனால் திரும்பி வரமாட்டான், அதன்பின் இந்தப் பேச்சே செத்துவிடும். தோலுரித்த அந்த வசந்தத்தின் நாற்றம் எங்கிருந்தோ மூக்கில் ஏறியது.

"எங்க வீட்லயும் மூணுல ஒண்ணு கழிக்கிறோம்," என்றாள்.

தான்தான் பேசினோம் என்று அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. கொம்போ அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு பேர் முன்னால் பெண்டாட்டி சொன்னதை இல்லையென்று சொன்னால் அது இன்னும் கேவலம். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவதான் சொல்லிட்டாளே," என்று எழுந்து போனான்.

திரும்பி வரும் வழியில் குதிரைகள் மட்டும்தான் கனைத்துக்கொண்டன. வீட்டிலும் அப்படியே. தேநீர் வைத்தால் குடித்தான், சோறு வைத்தால் தின்றான், பேச்சு இல்லை. ஆனால் வேலை என்று வந்தபோது கை நிற்கவில்லை. ஆடு கழிப்பதில் கொம்போவின் கையை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஆட்டின் முதுகுத்தண்டுக்கு இரு பக்கமும் கட்டைவிரலும் நடுவிரலும் வைத்து ஒரு அழுத்து. கொழுப்பு எவ்வளவு, குளிரைத் தாங்குமா தாங்காதா, விரல் சொல்லிவிடும். பல் தேய்ந்த கிழடுகள், இரண்டு வருஷமாகக் குட்டி போடாத மலடுகள், பிந்திப் பிறந்து சவலையாக நின்றவை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துத் தள்ளினான். சிலவற்றின் கழுத்தில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். தோல்கோர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

பள்ளத்தாக்கே பிறகு அடுப்படி ஆயிற்று. ஆண்கள் ஆட்டை மல்லாத்தி, நெஞ்சில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, கையை உள்ளே விட்டு நாளத்தைக் கிள்ளினார்கள். ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழவில்லை. பெண்கள் குடலை அலசி, ரத்தத்தில் வெங்காயமும் மாவும் கலந்து அதற்குள் அடைத்துக் கட்டினார்கள். கைகள் முழங்கைவரை கொழுப்பில் மினுங்கின. கல்யாண வீடு மாதிரி கொதியும் ஆவியும் பேச்சும். நியாம்பு குளிர்காலக் கறிக்கென்று நிறுத்தியிருந்த ஒரு கொழுத்த மாட்டைக் காட்டி, இது யாஞ்சிமா அக்கா மாதிரியே முறைக்கிறது, நான் அறுக்க மாட்டேன் என்றான். யாஞ்சிமா அவன் முதுகில் குடலால் ஒன்று வைத்தாள். மாட்டுக்கறியை நாடா நாடாவாக அறுத்துக் கூடார விட்டங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். குளிரில் காய்ந்து விறகுச் சிராய் மாதிரி ஆகிவிடும், ஒரு கைப்பிடி போட்டால் ஒரு குடும்பத்துக்கு ரசம் வரும். மிச்சத்தை ஏற்றிக்கொண்டு லாரி போனது. விலை மோசமில்லை.

புல்லறுப்பும் முடிந்தது. கணவாயடிக் கல்பட்டிக்குக் கல் சுமக்கக் கொம்போவும் போனான். கடைசிப் புல்கட்டை அடுக்கும்போது, இது யாருக்கு, மலைப் பேய்களுக்கா என்று கேட்டானாம். எல்லாரும் சிரித்தார்களாம். நியாம்பு வந்து சொன்னான். கூட்டத்தோடு சிரிக்கிறானே, கோபம் ஆறிவிட்டது என்று தோல்கோருக்கு மனசு லேசானது.

ஆறவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு மாலை பட்டியில் ஆடுகள் நுழையும்போது அவளுக்கு ஏதோ குறைவது தெரிந்தது. எண்ண வேண்டியதில்லை, மேய்ப்பன் வீட்டுப் பெண்ணுக்கு முகம் தெரியும். இளம் பெட்டைகள் ஒரு கூட்டம் இல்லை. காது வெள்ளையான கிடா இல்லை.

"எங்கங்க அதுங்க?"

கொம்போ சேணத்தை இறக்கிக்கொண்டிருந்தான். "தாம்பாகிட்ட விட்டிருக்கேன்." தாம்பா அவன் தாய்மாமன் மகன், கணவாய்க்கு அந்தப் பக்கம் இருப்பவன்.

"கழிச்ச கணக்குல..."

"கழிச்சாச்சு. ஊரு பாத்துச்சு. அதுல கொஞ்சத்த ஒளிச்சு வச்சது ஆயிரம் எண்ணிக்கைக்கு மட்டும். எண்ணி முடிஞ்சதும் ஓட்டியாந்துருவேன்." கொஞ்சம் பொறுத்து, "நீ நாலு பேர் முன்னால ஒரு வார்த்த சொன்ன. நான் வாயத் தொறக்கல. இப்ப நீ வாயத் தொறக்காத," என்றான்.

அவள் திறக்கவில்லை. யாஞ்சிமா வரும்போதெல்லாம் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கண்ணைப் பார்க்காமல் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். தப்பு அவனுடையது மட்டும் என்று அவளால் நினைக்க முடியவில்லை.

பனி சீக்கிரம் வந்தது. வருஷக் கடைசி எண்ணிக்கைக்காரர்கள் வந்துபோனார்கள், தாம்பாவிடம் இருந்ததையும் சேர்த்து ஆயிரம் நின்றது. அந்த வாரமே அந்தப் பக்க ஆடுகளை ஓட்டி வருவதாக இருந்தான். அதற்குள் ஒரு நாள் காற்று திசை மாறி, பருவமில்லாத வெதுவெதுப்பு வந்தது. கூடாரத்தின் கம்பளியிலிருந்து நீர் சொட்டியது. பெண்கள் வெளியே வந்து முகத்தை அந்தக் காற்றில் காட்டிவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் விடிந்தபோது பள்ளத்தாக்கு முழுக்க ஒரே தகடாக மின்னியது. நாய் நடந்தால் நகம் கிறீச்சிட்டது.

இரும்பு ஸுத் வந்தேவிட்டது. ஆனால் முன்னைப் போல அது அவர்களைப் படுக்கையில் பிடிக்கவில்லை. வடக்கு மடிப்பின் மேய்ச்சலைத் திறந்தார்கள். அங்கே யாரும் மேய்க்காமல் விட்ட புல் உயரமாக நின்றதால் தகட்டுக்கு மேலும் நுனி நீட்டியிருந்தது. நியாம்பு குதிரைக் கூட்டத்தை முன்னால் ஓட்டி உடைத்துக் கொடுக்க, பின்னால் ஆடுகள் போயின. காலையும் மாலையும் கைப்பிடிப் புல். பலவீனமானவற்றுக்குப் பழைய கம்பளியில் தைத்த போர்வை. பட்டியில் காய்ந்த சாணம் முழங்கால் உயரத்துக்கு மெத்தையாகப் போட்டிருந்தது. கடினமாகத்தான் இருந்தது. கோலால் பனியை உடைத்து உடைத்துத் தோல்கோரின் தோள் இறங்கிப்போயிற்று. ஆனாலும் ஒவ்வொரு காலையும் பட்டிக் கதவைத் திறந்தால் ஆடுகள் இருமின, தும்மின, திரும்பிப் பார்த்தன.

அப்படி ஒரு காலையில்தான் தாம்பாவின் போன் வந்தது. அந்தப் பக்கம் நக்குவதற்கும் ஒன்றுமில்லை, கிடைத்த லாரியில் மந்தையை ஏற்றித் தெற்கே கொண்டுபோகிறேன், உன்னுடையவைக்கு இடமில்லை, வந்து ஓட்டிக்கொண்டு போ என்றான்.

கொம்போ தடித்த மேலங்கியை எடுத்துக் கட்டினான்.

"யாஞ்சிமா அக்காகிட்ட சொல்லிட்டுப் போலாம்," என்றாள் தோல்கோர். "நியாம்பு அண்ணன் குதிரையோட வருவாரு. நீங்க ஒத்தையா அந்தத் தகட்டுல எப்படி ஓட்டுவீங்க?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல? ஊரெல்லாம் கழிச்சாங்க, நான் ஒளிச்சேன்னா? பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன்."

"வராட்டி?"

அவன் வெளியே போய்ச் சேணத்தை இறுக்கினான். அவள் ஒரு பையில் உலர்ந்த கறியும் தயிர்க்கட்டியும் போட்டுக் கொடுத்தாள். போகும் வழி நல்லதாக இருக்கட்டும் என்று குதிரையின் பின்னால் பாலைத் தெளித்தாள். பால் தரையைத் தொட்டதுமே உறைந்துவிட்டது.

நடுப்பகலில் காற்று கிளம்பியது. கணவாய் இருந்த திசையில் மலை மறைந்து வெறும் வெள்ளையாக ஆனது. தோல்கோர் ஆடுகளைச் சீக்கிரமே பட்டியில் அடைத்தாள். அவன் போனுக்கு அடித்துப் பார்த்தாள், போகவில்லை. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தபோது சாலையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, வாயை முக்காட்டால் மூடிக்கொண்டு யாஞ்சிமாவின் கூடாரத்துக்கு நடந்தாள்.

யாஞ்சிமா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நியாம்பு அடுப்போரம் உட்கார்ந்து சேணவார் தைத்துக்கொண்டிருந்தான். தோல்கோர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒளித்தது, தனக்குத் தெரிந்தே இருந்தது, இன்றைக்குப் போனது. ஒன்றையும் மறைக்கவில்லை.

யாஞ்சிமாவின் கை மாவிலேயே நின்றது. "எத்தன தடவ உன் கையால தேத்தண்ணி குடிச்சிருப்பேன், தோல்கோரு," என்றாள்.

"ஆமாக்கா."

"ஒரு ஈத்து மட்டுமே போட்ட என் எளம் பெட்டையெல்லாம் லாரில ஏத்துனேன். அழுதுகிட்டே ஏத்துனேன்."

"தெரியுங்கா. என்ன வேணா சொல்லுங்க, வாங்கிக்கிறேன். அவர மட்டும்..."

யாஞ்சிமா மாவை வழித்து எறிந்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "திட்டறதுக்குக் குளிர்காலம் நீளமா இருக்கு. நியாம்பு, குதிரைங்க எங்க நிக்குது?"

"மடிப்புல. இந்தக் காத்துல இப்பப் போனா நாமளும் சேந்து வெறைப்போம். விடியிற நேரம் காத்து இறங்கும், அப்பக் கெளம்பலாம்." நியாம்பு ஊசியைக் கம்பளியில் குத்தினான். "கணவாயத் தாண்டிட்டான்னா கல்பட்டி இருக்கு. தாண்டலைன்னாதான்."

விடியும்போது காற்று இறங்கியிருந்தது. ஒவ்வொரு கூடாரத்திலிருந்தும் ஒருவர் வந்து சேர்ந்திருந்தார்கள். யார் போய்ச் சொன்னது என்று தெரியவில்லை. யாரும் தோல்கோரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு ஒரு குதிரையைப் பிடித்துக் கொடுத்தார்கள். நியாம்பு நீளக் கழியோடு குதிரைக் கூட்டத்தை முன்னால் விரட்டினான். குளம்புகளுக்குக் கீழே தகடு உடையும் சத்தம், பெரிய பாத்திரக்கடையை யாரோ கவிழ்த்த மாதிரி. குதிரைகளின் கணுக்கால்களில் ரத்தம் கசிந்தது. உடைந்த தடத்தில் மற்றவர்கள் போனார்கள். தோல்கோரின் கண்ணிமைகள் ஒட்டிக்கொண்டன. கையுறையால் தேய்த்துத் தேய்த்துப் பிரித்தாள். அவள் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டினால் உயிரோடா இல்லையா என்ற இரண்டில் ஒன்றை நினைக்க வேண்டியிருக்கும்.

மலையடி வளைவில் திரும்பியதும் நியாம்பு கழியைத் தூக்கினான். எல்லாரும் நின்றார்கள். எதையோ அவன் மோந்து பார்த்தான்.

"எரு எரியுது," என்றான்.

பிறகு அவளுக்கும் வந்தது, சாணப் புகையின் மணம். கல்பட்டியின் சுவருக்கு மேலே மெல்லிசாக ஒரு கோடு நேராக எழும்பி நின்றது. அதைப் பார்த்ததும் தோல்கோர் குதிரையை முன்னால் விரட்டினாள்.

உள்ளே சுவரோடு சுவராக ஆடுகள் நெருங்கி நின்றன, முதுகெல்லாம் பனி அப்பி, தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. புல் தின்றன. மூலையில் எருநெருப்புக்கு முன்னால் கொம்போ ஒரு பெட்டையை மடியில் இழுத்துவைத்துக் குந்தியிருந்தான். மீசையும் புருவமும் வெள்ளை. இடது கை விரல்கள் இரண்டு கறுத்திருந்தன. அவர்களைப் பார்த்து எழப் பார்த்தான், கால் ஒத்துழைக்கவில்லை.

காற்று மலையுச்சியிலேயே பிடித்துக்கொண்டது என்று அவன் பிறகு சொன்னான். உச்சியில் கொஞ்சம் ஆடுகள் படுத்துவிட்டன, எழுப்ப முடியவில்லை, விட்டுவிட்டான். மிச்சத்தை முன்னால் தள்ளிக்கொண்டு இறங்கினான். எதுவும் தெரியவில்லை. கல்பட்டிக்குப் போகும் சரிவு என்று கால்தான் கண்டுபிடித்தது. சுவரில் முட்டிக்கொண்ட பிறகுதான் வந்து சேர்ந்ததே தெரிந்தது.

தோல்கோர் அவன் கையை எடுத்துத் தன் மேலங்கிக்குள், வயிற்றோடு வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் அவளைப் பார்க்காமல் யாஞ்சிமாவைப் பார்த்தான்.

"புல்லப் பிரிச்சிட்டேங்கா. கேக்காம."

"திங்கத்தான வச்சது," என்றாள் யாஞ்சிமா.

"இதுங்க கணக்குல இல்லாத ஆடுங்க."

"ஆட்டுக்கு என்னடா கணக்குத் தெரியும். பசி தெரியும்." அவள் நெருப்பில் இன்னொரு எருவைப் போட்டாள். "உனக்குத் தரவேண்டியது இருக்கு, குடுக்காம விடமாட்டேன். முதல்ல கால நீட்டு, பூட்ஸக் கழட்டணும்."

நியாம்பு சுவர்மேல் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "பேய் பேயின்னு சொன்னானே, பாத்தா நம்ம கொம்போதான்," என்றான்.

முதலில் சிரித்தது கொம்போ. சிரிப்பில் உதடு வெடித்து ரத்தம் வந்தது. பிறகு ஒருவர் ஒருவராக எல்லாரும் சிரித்தார்கள். தோல்கோர் மட்டும் அழுதாள், அவனுடைய கையை விடாமலே.

உடைத்த தடத்தில் ஆடுகளை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் கொம்போ தானாகவே யாஞ்சிமாவின் கூடாரத்துக்கு நொண்டிக்கொண்டு போனான். அவள் சொன்னதையெல்லாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். கொஞ்சமாகச் சொல்லவில்லை. பள்ளத்தாக்கின் புல் இத்தனை வாய்க்குத்தான் என்று ஏற்பாடு, கூட வந்த வாய்களுக்கு யார் வயிற்றிலிருந்து எடுப்பது என்று கேட்டாள். அவன் திரும்பி வந்து தன் மந்தையில் மறுபடி கையை வைத்தான். முதுகில் விரல் எலும்பைத் தொட்ட ஒவ்வொன்றையும் பிரித்தான். இரண்டு விரல் மரத்துப்போனதால் இந்த முறை தோல்கோரின் விரலையும் சேர்த்து வைத்துப் பார்த்தான். அறுத்ததை எல்லாக் கூடாரங்களுக்கும் பங்கு போட்டான். மேடைக்கு வரச் சொல்லி ஆள் வந்தபோது, இப்போது ஆயிரம் இல்லை என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினான். வந்தவர், எண்ணியபோது இருந்ததே என்றார். எண்ணியபோது இருந்தது, இப்போது இல்லை, பதக்கத்தைக் குத்திக்கொண்டு நான் எதை மேய்ப்பது என்றான். அப்படிச் சொன்னபோது அவன் குரலில் தோல்கோர் தேடிப்பார்த்தாள். வருத்தம் இருந்தது. கொஞ்சமாக.

புத்தாண்டான வெள்ளை மாதப் பண்டிகை வந்தது. எல்லார் வீட்டிலும் இறைச்சிக் கொழுக்கட்டை வெந்தது. விருந்துக்கு வந்தவர்கள் எப்போதும்போலக் குளிர்காலம் சுகமாகப் போயிற்றா என்று கேட்டார்கள். போயிற்று என்று எப்போதும்போலச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, பொய் சொல்லவில்லை என்ற வியப்பில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளிலிருந்து வந்த செய்திகளைச் சத்தமாகப் பேச யாருக்கும் மனமில்லை. அங்கிருந்து இரண்டு குடும்பங்கள் மிச்சம் மீதியோடு வந்தபோது வடக்கு மடிப்பின் ஓரத்தில் இடம் விட்டார்கள். யாஞ்சிமா அவர்களுக்கு மாவு கொடுத்தனுப்பினாள். வர்ற வேனில்ல நம்ம கூட்டத்துக்கு நீங்களும் வரணும் என்றும் சொல்லியனுப்பினாள். கேட்டது போலில்லை, உத்தரவு போலத்தான் இருந்தது.

பனி கரையத் தொடங்கியதும் குட்டிகள் விழ ஆரம்பித்தன. மகள் விடுதிப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். கூடாரத்துக்குள் அடுப்பைச் சுற்றிலும் ஈரக் குட்டிகள். கால் வைக்க இடமில்லை. கணவாய்க்கு அந்தப் பக்கமிருந்து வந்த பெட்டைகளில் ஒன்று, கொம்போ மடியில் வைத்திருந்ததுதானோ என்னவோ, தலைச்சன் ஈன்றுவிட்டுக் குட்டியைத் திரும்பிப் பார்க்க மாட்டேனென்றது. குட்டி மடியைத் தேடி வந்தால் முட்டித் தள்ளியது. பட்ட குளிரில் அதற்கு எல்லாம் வெறுத்துப்போயிருந்தது போல.

தோல்கோர் ஆட்டை முளையில் கட்டி, குட்டியை அதன் பக்கத்தில் நிறுத்தி, குத்தவைத்து உட்கார்ந்து பாடத் தொடங்கினாள். குட்டியை ஏற்க மறுக்கும் தாயை இளக்கும் பாட்டு அது, பெரிதாக ஒன்றுமில்லை. தொய்க், தொய்க், தொய்க் என்று ஒரே சொல்லை இழுத்து இழுத்து, ஏற்றி இறக்கி, பிள்ளையைத் தூங்கவைக்கிறமாதிரி. அவளுக்குக் கழுத்து வலித்தது. வெயில் முதுகில் சுரீரென்று இறங்கியது. சுற்றிலும் தகடு உடைந்து தண்ணீராக ஓடும் சத்தம். கொம்போ பட்டிச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"நிறுத்திராத," என்றான். "காது திரும்புது பாரு."

ஆட்டின் காது முதலில் திரும்பியது. பிறகு கழுத்து. குட்டியின் வாலடியை மோந்தது, ஒருமுறை தும்மியது, மறுபடியும் மோந்தது. பிறகு நாக்கை நீட்டி நக்கியது. குட்டி முட்டுக்காலிட்டு மடிக்குள் தலையை விட்டது. அதன் வால் படபடவென்று ஆடத் தொடங்கியது.

பாட வேண்டிய தேவை அத்தோடு முடிந்துவிட்டது. தோல்கோர் நிறுத்தவில்லை.